மாஸ்க் கடிக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

தூக்கத்தில் அடிக்கடி மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதும் சி-பேப் மிஷின் வாங்கியவர்களிடமிருந்து வந்த கடிதங்களைப் பிரித்து வைத்துப் பார்த்தோம். மிஷினைப் பற்றிய குறை ஒன்றிரண்டுதான், மற்றதெல்லாம் மாஸ்க்கைப் பற்றியே. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க மாஸ்க்குக்கு. தூக்க மருத்துவர்களும், மாஸ்க் பொருத்தித் தரும் டெக்னீஷியன்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு வயது 54. ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. பிரஷர் 11 வைத்திருக்கிறார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க்கைக் கொடுத்தார்கள். பத்தே நாளில் மூக்குத்தண்டு புண்ணாகிவிட்டது. இறுக்கினால் வலி, தளர்த்தினால் கண்ணில் புஸ்ஸென்று காற்று. ராத்திரி 2 மணிக்குக் கழற்றி எறிந்துவிடுகிறேன். எனக்கு எந்த மாஸ்க் சரிப்படும்?
– வாசகர், திருச்சி

மணிக்கு 38 என்பது கடுமையான வகை (30-ஐத் தாண்டினாலே கடுமை என்றுதான் கணக்கு). ஆகவே எறிந்துவிட்டுத் தூங்குவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. முதலில் புண்ணைப் பாருங்கள். தோல் உரிந்திருந்தால் அந்த இடத்தில் ஆறும்வரை எதுவும் அழுத்தக் கூடாது. பஞ்சு வைத்துக் கட்டி அதன்மேல் மாஸ்க்கை மாட்டினால் கசிவு அதிகமாகும், புண்ணும் ஆறாது. வெறும் சிவப்பாக இருந்து, கழற்றிய அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டால் பயப்பட வேண்டாம்.

இனி அந்த மாஸ்க்கைக் கையில் எடுத்து, சிலிகான் விளிம்பை விரலால் விலக்கிப் பாருங்கள். இரண்டு அடுக்கு இருக்கும். முகத்தில் படுவது வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய சவ்வு. அதற்கு அடியில் தடித்த சுவர். காற்றை அடைப்பது அந்த மெல்லிய சவ்வுதான். மிஷின் ஊதும்போது அது உப்பி, முகத்தின் மேடு பள்ளத்தில் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பட்டையை இழுத்து இறுக்கினால் சவ்வு நசுங்கி மடிந்துவிடும். மடிப்பு வழியாகக் காற்று கண் பக்கம் கசியும். அடியில் உள்ள தடித்த சுவர் நேராக மூக்கெலும்பின் மேல் உட்காரும். கசிகிறதே என்று இன்னும் ஒரு சுற்று இறுக்குவீர்கள். மூக்குத்தண்டுப் புண்ணில் முக்கால்வாசி இப்படி வந்ததுதான்.

மாட்டும் முறை இதுதான். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சவ்வு வழுக்கும். நாலு பட்டையையும் நன்றாகத் தளர்த்துங்கள். எப்படித் தூங்குவீர்களோ அப்படிப் படுங்கள், உங்கள் தலையணையிலேயே. உட்கார்ந்து மாட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. படுத்தால் கன்னத்துச் சதை பின்னால் சரியும், முகத்தின் அளவே மாறும். மிஷினைப் போட்டுக் காற்று வந்த பிறகு மாஸ்க்கை இரண்டு விரலால் பிடித்து முகத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் முன்னால் இழுத்து, மெதுவாகத் திரும்ப உட்கார வையுங்கள். சவ்வு உப்பிப் பரவி உட்காருவது தெரியும். அதற்குப் பிறகுதான் பட்டை: கீழ்ப்பட்டை இரண்டையும் ஒரே அளவாக, பின் மேல்பட்டை இரண்டையும் ஒரே அளவாக, கசிவு நிற்கும் வரை மட்டும். பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இடது பக்கம், வலது பக்கம் புரண்டு பாருங்கள். ரெஸ்மெட் கம்பெனி மிஷின்களில் மாஸ்க் பொருத்தத்தைச் சோதிக்கவே ஒரு வசதி உண்டு. ராம்ப் (குறைந்த பிரஷரில் தொடங்கி மெல்ல ஏற்றுவது) இல்லாமல் முழு பிரஷரை 3 நிமிடம் ஊதி, பொருத்தம் சரியா இல்லையா என்று திரையில் காட்டும். ராம்ப் தொடக்கத்தில் பிரஷர் 4-ல் எந்த மாஸ்க்கும் கசியாது. 11-க்கு ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இவ்வளவு செய்தும் கடித்தால் வகையை மாற்ற வேண்டியதுதான். எங்கள் கருத்து, உங்களுக்கு முதலிலேயே மூக்கு மாஸ்க் கொடுத்திருக்க வேண்டும். ‘வாயைத் திறந்து தூங்குகிறார்’ என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடையில் ஃபுல் ஃபேஸை (உங்களிடம் இருக்கிற அந்தப் பெரிய மாஸ்க் வகை) எடுத்து நீட்டிவிடுகிறார்கள். வாய் திறப்பதே பல பேருக்கு மூச்சு தடைபடுவதால்தான். மூக்கு வழியாகக் காற்று சீராகப் போனதும் தானாக மூடிக்கொள்ளும். பெரிய மாஸ்க் தாடையைப் பின்னால் தள்ளும். தாடையோடு நாக்கும் பின்னால் போகும், எந்த அடைப்பை நீக்க வந்தோமோ அதையே கொஞ்சம் உண்டாக்கும். அதனால் பிரஷர் கூட வைக்க வேண்டிவரும். பிரஷர் கூடினால் கசிவும் கூடும். 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் குழு இந்தச் சிகிச்சையை முதன்முதலாக வெளியிட்டபோது ஐந்து நோயாளிகளுக்கும் மூக்கு வழியாகத்தான் காற்றைச் செலுத்தினார்கள். (அந்தக் காலத்தில் மூக்குக்கு அச்செடுத்து, தினமும் ராத்திரி பசை போட்டு ஒட்டினார்கள். அதோடு ஒப்பிட்டால் இன்றைய வெல்க்ரோ பட்டை சுகம்தான்.)

மூக்கு ஒத்துழைக்குமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டு 3 நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள். பேப்பர் படித்துக்கொண்டே முடிந்தால் மூக்கு மாஸ்க்குக்கு நீங்கள் லாயக்கு. திணறினால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். தண்டு வளைவு, சதை வளர்ச்சி, அலர்ஜி என்று காரணம் ஏதாவது இருக்கும்.

மூக்கு மாஸ்க்கிலும் மூன்று ஜாதி. ஒன்று, மூக்கை முழுதாக மூடுகிற முக்கோணம்; ஏர்ஃபிட் என்20, ஈசன் 2 போல. அதிக பிரஷரிலும் நிலையாக நிற்கும், ஆனால் இதுவும் மூக்குத்தண்டில்தான் சாயும். இரண்டு, மூக்குக்கு அடியில் தொட்டில் மாதிரி தாங்குவது. என்30, ட்ரீம்வேர் நேசல். மூக்குத்தண்டைத் தொடவே தொடாது. மூன்று, நேசல் பில்லோ. நாசித்துவாரத்தின் வாயில் உட்காரும் இரண்டு சிறு சிலிகான் குமிழ். பி10 இந்த வகை. மிக இலேசானது, கண்ணாடி போட்டுக்கொண்டு டிவி பார்க்கலாம். முதல் வாரம் துவார ஓரத்தில் எரிச்சல் இருக்கும், பிரஷர் ஏறினால் காற்று ஊசி மாதிரி அடிப்பதாகச் சிலர் சொல்வார்கள்.

புண் ஆறும்வரையிலாவது உங்களுக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது. வாயையும் மூடுகிற மாஸ்க்தான் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், வாயை மூடி மூக்கை அடியிலிருந்து தாங்குகிற எஃப்30 மாதிரியான வகையைக் கேளுங்கள். அதிலும் மூக்குத்தண்டு தப்பிக்கும்.

மாஸ்க் வகையை மாற்றியதும் மிஷினிலும் மாற்ற வேண்டும். அமைப்பில் ‘மாஸ்க்’ என்ற இடத்தில் ஃபுல் ஃபேஸ், நேசல், பில்லோ என்று மூன்று இருக்கும். வெளியேறும் காற்றின் அளவு ஒவ்வொன்றுக்கும் வேறு. மாற்றாவிட்டால் மிஷின் தப்புக் கணக்குப் போடும். பிரஷரையும் மறு பரிசீலனை செய்யச் சொல்லுங்கள். 11-க்குக் குறைவே போதுமாக இருக்கலாம்.

என் முகம் சின்னது. ‘மீடியம்தான் எல்லாருக்கும்’ என்று கடையில் கொடுத்துவிட்டார்கள். மூக்குத்தி வேறு போட்டிருக்கிறேன். கழற்றினால் துளை தூர்ந்துவிடும் என்று மாமியார் சொல்கிறார்.
– வாசகி, கோவை

எல்லாருக்கும் மீடியம் என்று எந்தக் கம்பெனியும் சொல்வதில்லை. பெட்டியிலோ இணையத்திலோ அளவு அட்டை கிடைக்கும். மூக்கின் அகலமான இடத்தில், அதாவது இரண்டு நாசி மடலின் வெளி ஓரங்களில், அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். இணையத்திலிருந்து அச்செடுத்தால் 100 சதவீத அளவில் எடுங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று போட்டால் அட்டை சுருங்கி உங்களுக்கு இல்லாத அளவைச் சொல்லும்.

மூக்கை முழுதாக மூடும் வகையில், மடலை நசுக்காத மிகச் சிறிய அளவே சரியான அளவு. மேல் விளிம்பு இரண்டு கண்ணுக்கு நடுவே ஏறிப்போனால் பெரியது. கீழ் விளிம்பு மேலுதட்டில் பாதியை மூடினாலும் பெரியது. பில்லோவில் இதற்கு நேர் எதிர்: சின்னதாக வாங்கினால் குமிழ் துவாரத்துக்குள் போய்க் குத்தும். உள்ளே போகாமல், துவாரத்தின் வாசலை அடைத்து நிற்கும் அளவு வேண்டும். ஏர்ஃபிட் பி10 பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது மூன்று குமிழும் சேர்ந்தே வரும். சில பெட்டியில் மிகச் சிறிதும் உண்டு. மூக்குத் துவாரம் இரண்டும் ஒரே அளவு இல்லாதவர்கள் நிறைய. பெரிய பக்கத்துக்கு ஏற்ற அளவை எடுங்கள்.

மூக்குத்தி விஷயம். முக்கோண மாஸ்க்கின் விளிம்பு மடலுக்கு வெளியே கன்னத்தில் உட்காரும், ஆகவே தட்டையான ஒற்றைக்கல் மூக்குத்தி பெரும்பாலும் இடைஞ்சல் தராது. வளையமும் ஏழுகல் பேசரியும் சவ்வைக் கிழிக்கும். பில்லோ, தொட்டில் வகையில் சிக்கல் உள்பக்கத் திருகாணியில். அது குமிழில் உரசிப் புண்ணாக்கும். ராத்திரிக்கு மட்டும் வழுவழுப்பான மெல்லிய தட்டுத் தக்கையைப் போட்டுக்கொண்டால் துளையும் தூராது, மாமியாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அப்பாவின் மிஷினில் கசிவு 36 என்று காட்டுகிறது. நண்பர் மிஷினில் 8-தான். இருவருக்கும் பிரஷர் ஒன்றே. என்ன கோளாறு? இன்னொன்று, ஆஸ்பத்திரியில் இருந்தபோது கொடுத்த மாஸ்க் நன்றாக இருக்கிறது. அதையே வீட்டில் போடலாமா?
– வாசகர், சேலம்

இரண்டாவதற்கு முதலில் பதில், ஏனென்றால் அது ஆபத்தானது. மாஸ்க்கின் முன்பக்கத்தையோ, ட்யூப் சேரும் முழங்கையையோ உற்றுப் பாருங்கள். பொடிப்பொடியாகத் துளைகளோ மெல்லிய வலையோ இருக்க வேண்டும். வெளிவிடும் கரியமில வாயு அந்த வழியாகத்தான் போகிறது. சி-பேப்பில் ஒரே ட்யூப், போக வர வேறு பாதை கிடையாது. ஆஸ்பத்திரி வென்டிலேட்டருக்கான மாஸ்க்குகளில் பல வகை துளையே இல்லாதவை, பெரும்பாலும் நீல நிற முழங்கையோடு வரும். அதைச் சி-பேப்பில் மாட்டினால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். காலையில் தலைவலி, குழப்பம் என்று தொடங்கும். வேண்டவே வேண்டாம். துளை உள்ள மாஸ்க்கிலும் ‘சத்தம் வருகிறது’ என்று அதன்மேல் டேப் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இதே கதைதான். சத்தம் விசில் மாதிரி மாறினால் துளையில் அழுக்கு அடைத்திருக்கும், மென்மையான பிரஷ்ஷால் கழுவினால் போதும்.

இப்போது 36. அந்தத் துளை வழியாகப் போகும் காற்று வேண்டுமென்றே விடப்படும் கசிவு. பிரஷர் 10-ல் அதுவே நிமிடத்துக்கு 30 லிட்டரைத் தாண்டும். பிலிப்ஸ் மிஷின் அதையும் சேர்த்து மொத்தக் கசிவைச் சொல்லும். ரெஸ்மெட் அதைக் கழித்துவிட்டு, வேண்டாத கசிவை மட்டும் சொல்லும். அதில் 24 லிட்டர் வரை ஏற்கலாம் என்பது அவர்கள் வைத்த எல்லை. அப்பாவுடையது பிலிப்ஸாக இருந்தால் 36 சாதாரணம், ரெஸ்மெட்டாக இருந்தால் கவனிக்க வேண்டும். எண்ணைவிட முக்கியம், மீதமுள்ள மூச்சுத்தடை எவ்வளவு என்பது. அது மணிக்கு 5-க்குக் கீழே இருந்து, அப்பாவும் பகலில் தூங்கி வழியாமல் இருந்தால் எண்ணைத் துரத்த வேண்டாம்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடுவேன். 41 நாள் தாடி. போன வருடம் அந்த நாட்கள் முழுக்க மாஸ்க் போட முடியவில்லை. மீசையும் எனக்குப் பெரியது.
– வாசகர், நாகர்கோவில்

தாடி சிக்கல் தருவது ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில்தான், அதன் கீழ் விளிம்பு தாடையில் உட்காருவதால். நுனி குத்துகிற ஒரு வார, இரண்டு வாரத் தாடிதான் மோசம். முடி சவ்வைத் தூக்கிப் பிடிக்கும். 30 நாளைத் தாண்டி முடி நீண்டு படிந்ததும் கசிவு கொஞ்சம் குறையும். விரதத்துக்கு முன்பே பில்லோவுக்கு மாறிப் பழகிவிடுங்கள். அது தொடுவது நாசித்துவாரத்தை மட்டும். தாடி எவ்வளவு வளர்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஐப்பசி முதல் வாரம் தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.

மீசை வேறு கணக்கு. தொட்டில் வகை நேராக மேலுதட்டில் உட்காரும். அடர்ந்த மீசையில் அது நிற்காது. பில்லோவுக்கும் துவாரத்தை ஒட்டிய ஒரு நூலகலம் முடி இல்லாமல் இருந்தால் நல்லது. கத்தரிப்பது விரதத்துக்கு ஆகுமா என்பதைக் குருசாமியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கசிவை அடைக்க மீசைக்கு வாஸ்லின் தடவுவது பலர் செய்யும் தவறு. வாஸ்லினும் தேங்காயெண்ணெயும் சிலிகானை மெல்ல மெல்ல ஊற வைத்துத் தொளதொளக்கச் செய்யும். நெற்றியில் விபூதி, சந்தனம் இருந்தால் படுக்குமுன் கழுவிவிடுங்கள். பட்டையின் ஓரத்தில் சேரும் தூள் தோலைத் தேய்க்கும்.

மலைப்பயணத்தில் இரவு தங்கலுக்கு மிஷினைக் கொண்டுபோவதா என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

கணவருக்கு மாஸ்க்கை மாட்டினாலே மூச்சு முட்டுகிறதாம். ‘குழிக்குள்ள போட்டு மூடின மாதிரி இருக்கு’ என்கிறார். இரண்டு நிமிடத்தில் பிடுங்கிவிடுகிறார். திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.
– வாசகி, விழுப்புரம்

திட்டு வேண்டாம்மா, இது பிடிவாதம் இல்லை. மூடிய இடத்து அச்சம். தூக்கம் வரும் நேரத்தில் சமாளிக்கச் சொன்னால் யாராலும் முடியாது. பகலில் பழக்குங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் மிஷினே வேண்டாம். ட்யூப் இல்லாத மாஸ்க்கை அவர் கையாலேயே முகத்தில் வைத்து, டிவி பார்த்தபடி 15 நிமிடம். பட்டை கூடாது, எடுக்க நினைத்தால் உடனே எடுக்கலாம் என்ற தைரியம் அவருக்கு வேண்டும். அது சாதாரணமானதும் பட்டை மாட்டி அரை மணி நேரம். பிறகு மிஷினோடு, உட்கார்ந்தபடி, விழித்தபடி. இங்கே ஒரு நுணுக்கம்: முதலில் மிஷினைப் போட்டுக் காற்று வரவிட்டு, அதன்பிறகே மாஸ்க்கை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காற்று வராத மாஸ்க்குக்குள் இழுக்கும் முதல் மூச்சுதான் பலரை மிரள வைக்கிறது. பிறகு மதியம் படுத்து ஒரு குட்டித் தூக்கம், கடைசியில் இரவு. எந்தப் படியில் பதற்றம் வந்தாலும் முந்தின படிக்கு இறங்குங்கள். சிலருக்கு ஐந்து நாள் போதும், சிலருக்கு மூன்று வாரம் ஆகும்.

அவருக்கு எந்த மாஸ்க் என்று எழுதவில்லை. ஃபுல் ஃபேஸ் என்றால் பில்லோவைக் கேளுங்கள். கண்முன் எதுவும் நிற்காது, வாயும் வெளியே இருக்கும், பேசலாம். ட்யூப் உச்சந்தலையில் சேரும் வகை இன்னும் நல்லது. ஒருக்களித்துத் தூங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வோம்; கன்னத்தில் ஓடும் குழாயில் ஒரு பக்கம் தலையணையில் நசுங்கினாலும் மறு பக்கம் காற்று வரும்.

‘காற்று போதவில்லை’ என்று சொல்கிறாரா, ‘காற்று அடிக்கிறது’ என்று சொல்கிறாரா என்று கேளுங்கள். போதவில்லை என்றால் ராம்ப் 4-ல் தொடங்குவது அவருக்குக் குறைவு. 6 அல்லது 7-ல் தொடங்கச் சொல்லலாம். அடிக்கிறது, மூச்சை வெளியே விட முடியவில்லை என்றால் மூச்சு விடும்போது பிரஷரைக் குறைக்கும் வசதியைப் போடச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

மூக்கு மாஸ்க்தான். காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வாயில் டேப் ஒட்டச் சொல்கிறார்கள், செய்யலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

டேப் வேண்டாம். ராத்திரி வாந்தி வந்தாலோ, மூக்கு அடைத்தாலோ, கரண்ட் போய் மிஷின் நின்றாலோ வாய்தான் அவசர வாசல். மூக்கு மாஸ்க்கில் மிஷின் நின்றால் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு பொதுவாக இருக்காது. வாய் திறக்கும் என்று நம்பித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

வாய் வழியாகக் காற்று வெளியேறினால் மூக்குக்குள் ஒரே திசையில் காற்று ஓடும். உள்தோல் காய்ந்து வீங்கும், மூக்கு அடைக்கும், அடைத்ததும் வாய் இன்னும் திறக்கும். இந்தச் சுழலை அறுக்க காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை உயர்த்துங்கள். 8 படி உள்ள மிஷினில் 4, 5 என்று ஏற்றிப் பாருங்கள். படுக்குமுன் உப்புநீரால் மூக்கைக் கழுவுங்கள். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அலர்ஜிக்கு மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதினால் ஒன்றிரண்டு வாரம் விடாமல் போட்டால்தான் பலன் தெரியும். மருந்துக்கடையில் தாமாக வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை மூன்று, நான்கு நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். இதற்கும் மசியவில்லை என்றால் தாடைப்பட்டை. அது தாடையை மேலே தூக்க வேண்டும், பின்னால் இழுக்கக் கூடாது. காதுக்குப் பின்னால் போகும் பட்டையைவிட உச்சந்தலைக்குப் போகும் பட்டை மேல். அதுவும் பலிக்காதபோது ஃபுல் ஃபேஸ். அந்த இடத்தில் அது நியாயமான மாஸ்க்.

தரையில் பாய் போட்டுப் படுக்கிறேன். மிஷின் ஸ்டூல் மேல். விடியற்காலை ட்யூபிலிருந்து தண்ணீர் மூக்கில் சொட்டுகிறது. ஏசி ரூம்.
– வாசகர், காரைக்குடி

ஸ்டூலை எடுத்துவிடுங்கள். ஹியூமிடிஃபையரின் சூடான ஈரக்காற்று ஏசியில் குளிர்ந்த ட்யூபில் பட்டு வியர்க்கிறது; மிஷின் உயரத்தில் இருப்பதால் அந்தத் தண்ணீர் இறக்கத்தில் உங்களை நோக்கி ஓடி வருகிறது. மிஷின் எப்போதும் தலைமட்டத்துக்கு மேலே போகக் கூடாது. தரைப்படுக்கைக்கு ஒரு மணைப்பலகை உயரம் போதும். வெறும் தரையில் வைத்தால் பின்பக்க ஃபில்டர் பெருக்கும் தூசியை எல்லாம் இழுக்கும். ட்யூபுக்குப் பருத்தித் துணியில் உறை தைத்துப் போடுங்கள், பழைய வேட்டி போதும். ஏசியை 26-ல் வையுங்கள், காற்று ட்யூப் மேல் நேராக அடிக்காமல். இதற்கும் சொட்டினால் ஹியூமிடிஃபையரை ஒரு படி குறையுங்கள், அல்லது உள்ளே சூட்டுக் கம்பி உள்ள ட்யூபை வாங்குங்கள்.

தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீரை ஊற்றுகிறேன் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது மூச்சில் இழுக்கத் தயாரானது இல்லை, இன்றே கொட்டுங்கள். ஒரு ராத்திரிக்கு டிஸ்டில்டு கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீர் பரவாயில்லை. காலையில் மீதியைக் கொட்டித் தொட்டியைக் காயவிடுங்கள்.

அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் உண்டு. மாஸ்க் எனக்குத்தான். ஒரே கட்டிலில் படுக்கிறோம். மாஸ்க் கிளிப்பில் காந்தம் இருக்கிறதே?
– வாசகி, வேலூர்

நல்ல கேள்வி, கடையில் யாரும் சொல்லாத விஷயம். 2022-ல் பிலிப்ஸும் 2023-ல் ரெஸ்மெட்டும் இதே காந்தக் கிளிப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டன. பேஸ்மேக்கர், டிஃபிப்ரிலேட்டர், மூளை ரத்தக்குழாய்க் கிளிப், காக்ளியர் இம்பிளான்ட் போன்றவை உள்ளவருக்கு மட்டுமில்லை, பக்கத்தில் படுப்பவருக்கு இருந்தாலும் இது பொருந்தும். காந்தம் உடலில் உள்ள கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று பிலிப்ஸ் சொன்னது. தூக்கத்தில் யார் அளந்துகொண்டிருப்பது? கொக்கிக் கிளிப் உள்ள மாஸ்க்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

பல்செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறேன். மாஸ்க் கீழ்ப்பக்கம் கசிகிறது.
– வாசகர், பாளையங்கோட்டை

பல்செட்டோடு அளவெடுத்திருப்பார்கள். கழற்றினால் உதடும் கன்னமும் உள்வாங்கும், முகமும் கட்டையாகும். பல்செட் இல்லாமல் திரும்ப அளவெடுக்கச் சொல்லுங்கள்; ஃபுல் ஃபேஸில் பெரும்பாலும் ஓர் அளவு சிறியது வேண்டியிருக்கும். மூக்கு மாஸ்க் என்றால் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை.

முகத்தில் படுகிற சிலிகான் குஷன் மஞ்சளாகிவிட்டது. பட்டை தொங்குகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது?
– வாசகர், ஈரோடு

நிறம் போகட்டும், மென்மையைப் பாருங்கள். காலையில் கழுவியபின் சவ்வை விரலால் அழுத்தி விடுங்கள். துள்ளி நேரானால் உயிர் இருக்கிறது, சுருங்கியே கிடந்தால் மாற்றுங்கள். சாதாரணமாகக் குஷனுக்கு மூன்று முதல் ஆறு மாதம், பட்டைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். முழு மாஸ்க் வாங்க வேண்டியதில்லை, குஷன் தனியாகக் கிடைக்கும். நுரை குஷன், அதாவது ஏர்டச் வகை, தண்ணீரில் நனையக் கூடாது. ஏறக்குறைய மாதம் ஒருமுறை மாற்றுவது. சிலிகானைத் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில், குழந்தைச் சோப்பு ஒரு துளியில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். டெட்டால், ஸ்பிரிட், ஓசோன் பெட்டி எதுவும் வேண்டாம். மொட்டைமாடி வெயில் குஷனின் ஆயுளைப் பாதியாக்கும்.

கொசுவத்திச் சுருள் ஏற்றினால் மாஸ்க்குக்குள் நெடி வருகிறது. ஃபில்டர் இருந்தும் எப்படி?
– வாசகர், சிதம்பரம்

ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும்; நெடி ஆவியாக அதன் வழியே நுழைந்துவிடும், நுண்ணிய புகையும் ஓரளவு நுழையும். மிஷின் அறைக் காற்றைத்தான் இழுக்கிறது, நெருக்கத்தில் ராத்திரி முழுக்க. சுருள், சாம்பிராணி, மின்சாரத்தில் சூடாகும் திரவம் எதுவும் அந்த அறையில் வேண்டாம். வலை கட்டுங்கள். மிஷினை வலைக்கு வெளியே வைத்து, ட்யூபை மெத்தைக்கும் வலைக்கும் இடையில் சொருகிக் கொண்டுவாருங்கள். மெத்தையில் அழுந்தி ட்யூப் மடங்காமல் ஒரு முழம் தளர்வு விட்டு. ஃபில்டர் சாம்பல் நிறமாகியிருக்கும், அதையும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.